உப்புத்தாள் விற்ற காலம்

மோட்டார் சைக்கிளின் கதையைத் தொழிற்சாலை வாசலிலிருந்து சொல்வதுதான் வழக்கம்: எந்தக் கம்பெனி, எந்த வருஷம், எத்தனை சிசி. நான் அதை மதுரையில் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடையின் கவுண்ட்டருக்குப் பின்னாலிருந்து பார்த்தவன். 1978-ல் டீ வாங்கிவரும் பையனாகச் சேர்ந்தேன். பிறகு சரக்கு எடுத்துக் கொடுப்பவன், அதற்கப்புறம் கொள்முதல் பார்ப்பவன். வண்டிக்காரர் தன் வீட்டு வாசலில் உட்கார்ந்து வண்டிக்கு என்ன செய்கிறார் என்று நாங்கள் எட்டிப் பார்த்ததில்லை. பார்க்கவும் வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் கேட்கும் சாமானே சொல்லிவிடும்.

நான் சேர்ந்த காலத்தில் ஓயாமல் போன சரக்கு உப்புத்தாள். மரவேலைக்கு அல்ல, பாயிண்ட் தேய்க்க. அன்றைய வண்டிகளில் பிளக்குக்குப் பொறி கொடுத்தது சிபி பாயிண்ட் என்ற சின்னச் சாமான். இரண்டு உலோகப் பொட்டுகள் ஒட்டி ஒட்டிப் பிரியும். பிரிகிற கணத்தில் பிளக்கில் பொறி விழும். ஒவ்வொரு தடவையும் பொட்டுகளும் கொஞ்சம் தீயும், கறுப்புப் படியும், இடைவெளி மாறும். புல்லட்டுக்கு அந்த இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். அதை அளக்க ஃபீலர் கேஜ் என்ற தகடுக் கொத்து எங்களிடம் இருந்தது. வாங்குவார் குறைவு. சிகரெட் பெட்டி அட்டையைக் கிழித்துச் செருகிப் பார்த்தே பல பேர் காலத்தை ஓட்டினார்கள். வண்டியும் ஓடியது.

அப்போது சாலையில் இருந்த வண்டிகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். திருவொற்றியூரில் 1950-களின் நடுவிலிருந்து உருவான புல்லட். மைசூரில் 1960-களில் ஜாவா என்று தொடங்கிப் பிற்பாடு யெஸ்டி என்று பெயர் மாறிய வண்டி. எஸ்கார்ட்ஸ் கம்பெனியின் ராஜ்தூத் 175, அது போலந்து நாட்டு எஸ்ஹெச்எல் வண்டியின் வடிவம். மூன்றும் மூன்று ஜாதி. புல்லட்டுக்கு கியர் வலது காலில். யெஸ்டியில் கிக்கரும் கியர் லிவரும் ஒன்றே, உதைத்துவிட்டு அதையே மடக்கி கியராக வைத்துக்கொள்ள வேண்டும். ஒன்றை ஓட்டிப் பழகியவர் இன்னொன்றில் ஏறினால் தெருமுனைவரை திணறுவார். ஒன்றின் சாமான் மற்றதில் உட்காராது. எனவே எந்தக் கடையிலும் எல்லாச் சாமானும் கிடைக்காது. மதுரையில் இல்லாததைச் சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலிருந்து பார்சலில் வரவழைப்போம். அங்கும் இல்லையென்றால் புதுப்பேட்டையில் பழைய வண்டி உடைத்த சாமானைத் தேட வேண்டும்.

இதனால்தான் வண்டிக்காரர் அரை மெக்கானிக் ஆனார். அதை ஆசை, பொழுதுபோக்கு என்று இன்றைக்குச் சிலர் எழுதுகிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. மேலூருக்கு அப்பால் ஒரு கிராமத்தில் வேலை பார்க்கும் கால்நடை ஆய்வாளர் மழையில் வண்டி நின்றுபோனால் யாரைக் கூப்பிடுவார்? பிளக்கைக் கழற்றி, பெட்ரோலில் கழுவி, தேய்த்து, சிலிண்டர் ஹெட்டின் மேல் வைத்து உதைத்துப் பொறி நீலமாக வருகிறதா என்று பார்க்க அவருக்கே தெரிந்தாக வேண்டும். கார்புரேட்டர் ஜெட்டில் தூசி அடைத்தால் வாயால் ஊத வேண்டும். கம்பி விட்டுக் குத்தினால் துளை பெரிதாகி வண்டி பெட்ரோலைக் குடிக்க ஆரம்பிக்கும், ஆகவே விளக்குமாற்று ஈர்க்குச்சி. கிளட்ச் கேபிள் நடுவழியில் அறுந்தால் என்ன செய்வது என்று புது கேபிள் ஒன்றைப் பழைய கேபிளோடு சேர்த்தே டேப் சுற்றி வைத்திருந்த புல்லட்காரர்கள் உண்டு. அறுந்த இடத்திலேயே முனையை மாற்றிக் கிளம்பிவிடுவார்கள்.

ராஜ்தூத், யெஸ்டி போன்ற டூ ஸ்ட்ரோக் வண்டிகளுக்கு இன்னொரு சடங்கும் உண்டு, கார்பன் தட்டுவது. பெட்ரோலோடு கலந்த ஆயிலும் சேர்ந்து எரிவதால் சைலன்சர் கரி பிடித்து மூச்சு முட்டும். மேட்டில் வண்டி ஏறாது. உள்குழாயை உருவி, கொல்லைப்புறத்தில் தேங்காய் மட்டை போட்டு எரித்த நெருப்பில் வைத்துச் சுட்டு, ஆறியதும் கல்லில் தட்டினால் கரி உதிரும். ஹெட்டைக் கழற்றி பிஸ்டன் தலையை முனை மழுங்கிய கத்தியால் சுரண்டுவதும் உண்டு. அப்படிச் சுரண்டியவர் அடுத்த வாரம் எங்களிடம் ஹெட் கேஸ்கெட் கேட்டு வருவார். கேஸ்கெட்டை நாங்கள் முன்கூட்டியே எடுத்து வைத்திருப்போம்.

1980-ல் ஓசூரிலிருந்து டிவிஎஸ் 50 வந்தது. மதுரைக்காரர்களுக்கு அது வெளியூர் வண்டியே அல்ல. 1911-ல் டி. வி. சுந்தரம் அய்யங்கார் இங்கே தொடங்கிய நிறுவனத்தின் கிளையல்லவா! இரண்டு பேர் உட்காரும் மொபெட் நாட்டில் அதுவே முதல். கம்பெனி இரண்டு பேரைக் கணக்கிட்டுச் செய்தது. எங்கள் ஊர் அதில் ஏற்றியதை ஓசூரில் யாரும் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்கள். பால்காரர் முதலில் போனது ஷோரூமிலிருந்து வீட்டுக்கு அல்ல, வெல்டிங் பட்டறைக்கு. கேரியருக்குக் கீழே இரண்டு பக்கமும் கம்பியை வளைத்து, கேனின் அடி உட்கார வளையம், கழுத்தை மாட்டக் கொக்கி. முன்னால் கால் வைக்கும் இடத்தில் இன்னொரு கேன். கேன் ஆடாமல் இருக்கப் பழைய டியூபை நீளநீளமாக அறுத்துக் கட்டிய பட்டை. அந்த டியூப் பட்டைக்கு ஈடான கட்டுக்கயிறு இன்றுவரை கிடையாது.

இதற்கெல்லாம் வரைபடமோ அளவோ கிடையாது. பட்டறைக்காரர் கேனைப் பக்கத்தில் வைத்துச் சாக்பீஸால் கோடு போடுவார், அவ்வளவுதான். பூக்காரருக்குக் கூடை நிற்கும் சட்டம், ஐஸ் விற்பவருக்குப் பெட்டி, சாணை பிடிப்பவருக்கு பின் சக்கரத்தோடு சுழலும் கல். பாரத்தின் விலை எங்கள் கவுண்ட்டரில் தெரிந்தது. பின் சக்கர ஸ்போக்ஸும் பேரிங்கும் செட் செட்டாகப் போயின. தடித்த ஸ்போக்ஸ் போட்டுத் தரச் சொல்லிக் கேட்டவர்கள் பால்காரர்கள்தான். பின்னாட்களில் அதே கம்பெனி ‘ஹெவி டூட்டி’ என்று பெயரிட்டே மொபெட் விற்றது. அந்தப் பெயரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எங்கள் ஊர்ப் பட்டறைகள்தான் ஞாபகம் வரும்.

அடுத்த சில வருஷங்களில் எல்லாம் தலைகீழானது. வெளிநாட்டுக் கூட்டுக்கு அரசு கதவைத் திறந்தது. 1984-ல் ஓசூரிலிருந்து இந்த்-சுசுகி ஏஎக்ஸ் 100, 1985-ல் ஹரியானாவின் தாருஹேராவிலிருந்து ஹீரோ ஹோண்டா சிடி 100, அதே வருஷக் கடைசியில் யமஹா ஆர்எக்ஸ் 100, 1986-ல் கவாசாகி பஜாஜ் கேபி 100. நான்கும் ஜப்பான் சரக்கு, நான்கும் நூறு சிசி. இதில் ஹோண்டா மட்டும் ஃபோர் ஸ்ட்ரோக், கணக்காக 97.2 சிசி. லிட்டருக்கு 80 கிலோமீட்டர் என்று விளம்பரம். பெட்ரோல் போடு, மூடு, மறந்துவிடு என்பது அதன் வாசகத்தின் சாரம். சுசுகியிலும் யமஹாவிலும் ஆயிலுக்குத் தனி டேங்க், தானே அளந்து கலந்துகொள்ளும். பங்க்கில் நின்று மூடியில் ஆயில் அளந்து ஊற்றிய தலைமுறைக்கு அதுவே பெரிய விடுதலை.

எங்கள் முதலாளி சிடி 100-ஐ முதலில் பார்த்ததும் சொன்னார்: “டேய், இந்த வண்டி நம்ம பொழப்புல மண்ணப் போட்டுரும்.” புகை இல்லை, சைலன்சரில் கரி இல்லை. செயினை முழுசாக மூடிய தகரக் கவசம், ஆகவே மண் ஏறிச் செயின் தேயவில்லை. முதல் இரண்டு வருஷம் அந்த வண்டிக்கென்று எங்களிடம் வந்தவர்கள் கேபிளும் பல்பும்தான் வாங்கினார்கள்.

பிறகு வந்தார்கள். ஃபோர் ஸ்ட்ரோக்கில் ஆயில் எரிந்து போவதில்லை, எஞ்சினுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வரும். கறுத்துப்போனால் இறக்கிவிட்டுப் புதிது ஊற்ற வேண்டும். மேனுவலில் கிலோமீட்டர் கணக்கோடு தெளிவாக எழுதியிருந்தது. ஆனால் மேனுவலைப் படித்தவர் யார்? புல்லட்காரர்களைத் தவிர்த்தால், ஆயில் என்றால் பெட்ரோலில் கலப்பது என்று மட்டுமே தெரிந்த ஊர் இது. ஆயில் மாற்றாததால் மேலே கேம் ஷாஃப்ட்டும் ராக்கரும் தேய்ந்து கடகடவென்று சத்தம் போடும் வண்டிகள் மெக்கானிக் கடைகளில் நிற்க ஆரம்பித்தன. தேய்ந்த சிலிண்டரை லேத்தில் போர் பண்ணி 0.25, அது தேய்ந்தால் 0.50, இப்படி 1 மில்லிமீட்டர்வரை ஓவர்சைஸ் பிஸ்டன் போடலாம். மறந்துவிடு என்பதை அப்படியே எடுத்துக்கொண்டவர்கள் எங்கள் பிஸ்டன் அலமாரியைக் காலி செய்தார்கள். முதலாளியின் ஜோசியம் பலிக்கவில்லை.

ஆனால் ஒன்று மாறிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைக் காலைக் கூட்டத்தில் உப்புத்தாள் கேட்பவர் குறைந்தார். எலெக்ட்ரானிக் இக்னிஷன் பரவப் பரவ பாயிண்ட்டே ஒழிந்தது. கை சும்மா இருக்குமா? வண்டியை ஓட வைக்கும் வேலை குறைந்ததும், வண்டியை அலங்கரிக்கும் வேலை தொடங்கியது. 1994-ல் ஸ்பிளெண்டர் வந்த பிறகு இது வெள்ளமாயிற்று. காரணம் எளிது. பெரியார் பஸ் ஸ்டாண்ட் பக்கம் வண்டி ஸ்டாண்டில் போய்ப் பாருங்கள், வரிசையாகக் கறுப்பு ஸ்பிளெண்டர். தன் வண்டி எது என்று தெரிய ஏதாவது அடையாளம் வேண்டுமே.

முதல் அடையாளம் ரேடியம் ஸ்டிக்கர். குலசாமி பெயர், பிள்ளைகள் பெயர், நடிகர் முகம், ஹெட்லைட்டில் புருவம். சாதியைக் காட்டும் நிறக் கோடுகளும் ஒட்டப்பட்டன. எந்த நிறம், எதற்கு என்று தென்மாவட்டத்துக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அடுத்து எஞ்சின் கார்டு, சைடு பாக்ஸ், லேடீஸ் ஃபுட்ரெஸ்ட், சீட் கவர், டேங்க் கவர். ரெக்சினில் தைத்த டேங்க் கவரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். பெயிண்ட் கீறாமல் இருந்தால் விற்கும்போது நல்ல விலை கிடைக்கும் என்றுதான் எல்லாரும் போட்டார்கள். கவருக்கு அடியில் மண்ணும் மழைத்தண்ணீரும் சேர்ந்து உரசி, அந்தப் பெயிண்ட்டை உரித்ததே கவர்தான். நான் ஆயிரக்கணக்கில் விற்றிருக்கிறேன். என் சொந்த வண்டிக்குப் போட்டதில்லை.

சேலை கார்டு மட்டும் அலங்காரமல்ல, சட்டம். 1989-ஆம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123-வது விதி அது: பின்னால் இருப்பவர் பிடித்துக்கொள்ளக் கைப்பிடி, கால் வைக்க ஃபுட்ரெஸ்ட், உடை சக்கரத்தில் மாட்டாமலிருக்கப் பின் சக்கரத்தில் பாதியாவது மறையும் தடுப்பு. ஒரு பக்கமாகக் கால்களைத் தொங்கவிட்டு உட்காரும் பெண்ணையும், அவள் முந்தானையையும், மடியிலிருக்கும் குழந்தையையும் மனதில் வைத்து எழுதப்பட்ட விதி. எவ்வளவோ விதிகள் ஏட்டில் கிடக்கின்றன, இது உயிர் காத்த விதி. ஆர்எக்ஸ் 100 வாங்கிய இளவட்டங்கள் வீட்டுக்கு வந்ததும் முதலில் கழற்றியது இதைத்தான். அடுத்து சைலன்சர் உள்குழாயை. பேச்சிலர் வண்டியில் எதற்கு சேலை கார்டு என்பார்கள். கல்யாணம் முடிந்ததும் அதே ஆள் கடைக்கு வருவார்.

“அண்ணே, ஆர்எக்ஸுக்கு சாரி கார்டு இருக்கா?”

“பழசு எங்கப்பா?”

“எடைக்குப் போட்டுட்டேண்ணே.”

இந்த அலங்கார வியாபாரத்தின் உச்சம் ஆயுத பூஜைக்கு முந்தைய நாள். மற்ற நாளில் வண்டியைத் தொடாதவர்கூட அன்று பாலீஷ் டப்பாவும் திருப்பூர் பனியன் வேஸ்ட்டும் வாங்கிப் போவார். கழுவும்போதுதான் தளர்ந்த நட்டும் வெடித்த ரப்பரும் கண்ணில் படும். சர்வீஸ் புத்தகம் சொல்லிச் செய்யாததை, சந்தனமும் குங்குமமும் வைக்க வேண்டுமென்பதற்காகச் செய்தார்கள். வருஷத்துக்கு ஒரு தடவை ஊரில் எல்லா வண்டியையும் சொந்தக்காரரே தடவிப் பார்க்கும் நாள் வேறெது?

அப்புறம் ஷோரூம்காரர்கள் விழித்துக்கொண்டார்கள். டெலிவரி கொடுக்கும்போதே கார்டும் கவரும் போட்டு பில்லில் சேர்த்தார்கள். எங்கள் பக்கம் வந்தது மிச்சம் மீதி.

மாசுக் கட்டுப்பாட்டு விதிகளை விரித்துச் சொல்ல ஆசையில்லை. 1991-ல் முதல் விதி, 2000-ல் இறுக்கம், அதற்குமேல் பாரத் ஸ்டேஜ் வரிசை. ஆர்எக்ஸ் 100 உற்பத்தி 1996-லேயே நின்றது. மோட்டார் சைக்கிள்களில் டூ ஸ்ட்ரோக் ஒவ்வொன்றாக விடைபெற்றது. கவுண்ட்டரில் எனக்கு மறக்க முடியாதவை இரண்டு தேதிகள். முதலாவது 2017 ஏப்ரல் 1. அன்றிலிருந்து புது வண்டிகளில் ஹெட்லைட் எப்போதும் எரிய வேண்டும் என்றாகி, லைட் சுவிட்ச்சே காணாமல் போனது. பட்டப்பகலில் எதிரே வருகிறவரெல்லாம் “லைட்டு எரியுது” என்று கையசைக்க, அது பொறுக்காமல் சுவிட்ச் வாங்கிப் பூட்டிக்கொண்டவர்கள் ஏராளம். கம்பெனி எடுத்துவிட்ட ஒன்றைத் திரும்பப் பொருத்துவதற்காக வந்த கூட்டத்தை நான் அப்போதுதான் பார்த்தேன்.

இரண்டாவது 2020 ஏப்ரல் 1, பிஎஸ் 6. நூறு சிசி வண்டிக்கும் ஃபியூல் இன்ஜெக்‌ஷன் வந்துவிட்டது. கார்புரேட்டர் போனதும் எங்கள் கடையில் ஒரு முழு டிராயர் அர்த்தமிழந்தது: மெயின் ஜெட், ஸ்லோ ஜெட், ஃப்ளோட் பின், ஊசி, ஸ்க்ரூ. ரிசர்வ் டேப்பும் இல்லை. பெட்ரோல் தீர்ந்தால் வண்டியை ஒரு பக்கமாகச் சாய்த்து நாலு தெரு ஓட்டும் வித்தையும் இதில் எடுபடாது. டேங்குக்குள் இருக்கும் பம்ப் பெட்ரோலில் முங்கியபடியே குளிர்ந்துகொள்வது, எப்போதும் சொட்டு பெட்ரோலில் ஓட்டினால் அது சூடேறிக் கெடும். கோளாறு வந்தால் மீட்டரில் ஒரு மஞ்சள் விளக்கு எரியும். ஏன் எரிகிறது என்று ஸ்கேனர் வைத்திருப்பவர்தான் சொல்ல முடியும்.

இதற்காக நான் ஒப்பாரி வைக்கவில்லை. மழையில் நின்று பாயிண்ட் தேய்த்தவர்களைப் பார்த்தவன் நான், அந்தச் சிரமம் யாருக்கும் வேண்டாம். என் வருத்தம் வேறு. எல்லாம் கம்பெனி பார்த்துக்கொள்ளும் என்ற நினைப்பில், இன்னும் சொந்தக்காரர் கையிலேயே இருக்கும் வேலைகளையும் ஜனங்கள் விட்டுவிட்டார்கள். காற்று, பிரேக் இளக்கம், ஆயில், செயின் இந்த நான்கும் 1978-ல் எப்படியோ அப்படியே இன்றும் வீட்டு வாசல் வேலைதான். செயினை நடுவில் விரலால் தூக்கிப் பார்த்தால் இரண்டு, இரண்டரை சென்டிமீட்டர் ஆட வேண்டும். இறுக்கும்போது இரண்டு பக்கத்துக் கோடும் ஒரே இடத்தில் நிற்க வேண்டும். கிளிப் போட்ட செயினாக இருந்தால் கிளிப்பின் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும், மாற்றிப் போட்டால் எதிலாவது தட்டிக் கழன்றுவிடும். இதைச் சொன்னால், பல வருஷம் வண்டி ஓட்டியவர்களே ஆச்சரியமாகப் பார்க்கிறார்கள். முன்பு செயினைக் கழற்றி ரேஷன் மண்ணெண்ணெயில் ஊறப்போட்டார்கள். மண்ணெண்ணெய் அரிதான பிறகு ஸ்பிரே டப்பா வந்திருக்கிறது. உப்புத்தாள் இருந்த தட்டில் இப்போது அதுதான் இருக்கிறது.

வண்டியை மாற்றியமைப்பதும் நிற்கவில்லை, ஆள்தான் மாறியிருக்கிறார். சாப்பாடு டெலிவரி செய்யும் பையன்கள் போன் ஸ்டாண்டும் சார்ஜரும் கேட்கிறார்கள், பையை நிறுத்தக் கேரியரில் கம்பி வைத்துக்கொள்கிறார்கள். கட்டுவதற்கு அதே டியூப் பட்டை. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் செய்த திருத்தப்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் வண்டிக்காரருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம்வரை சிறையோ கிடைக்கலாம். காது கிழிய சைலன்சர் மாற்றுகிறவனுக்கு அது தகும். பால் கேனுக்கு வளையம் வைத்தவரையும் அவனையும் ஒரே தராசில் நிறுத்துவது சரியல்ல என்பது என் கட்சி.

வாசகர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இந்த வீட்டு வாசல் ரிப்பேர்களுக்கும் பட்டறைக் கைவேலைகளுக்கும் யாரும் வரலாறு எழுதி வைக்கவில்லை. இருக்கிற ஆதாரமெல்லாம் பழைய ஓனர்ஸ் மேனுவல், சர்வீஸ் கூப்பன், கடை பில், பார்ட்ஸ் கேட்டலாக், ஓரத்தில் அப்பா பென்சிலால் ஆயில் மாற்றிய தேதி குறித்த நோட்டு, அவ்வளவுதான். உங்கள் வீட்டுப் பரணில் ராஜ்தூத்துக்கோ, டிவிஎஸ் 50-க்கோ, சிடி 100-க்கோ அப்படி ஏதாவது கிடந்தால் பழைய பேப்பர்காரரிடம் போடாதீர்கள். வைக்க இடமில்லையென்றால் ஊர் நூலகத்திலோ பக்கத்து ஐடிஐயிலோ கொடுங்கள். கொடுக்கும்போது, வண்டி யாருடையது, எந்த வேலைக்கு ஓடியது என்று முதல் பக்கத்தில் இரண்டு வரி எழுதிக் கொடுங்கள்.